துத்தியும் அதன் உறவுகளும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிச் சுவர் கொண்ட அலுவலகங்களுக்கு நடுவே, இன்னும் கட்டடம் எழும்பாத வெற்று மனைகள் சில கிடக்கின்றன. 1978ஆம் ஆண்டில் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கர் பரப்பில் இத்தொழில் நகரை உருவாக்கத் தொடங்கியது. ஊரின் தோற்றம் மாறிற்று. ஆனால் வரப்புகளிலும் வழியோரங்களிலும் தாமாக முளைத்து வந்த செடிகள் முற்றிலும் மறையவில்லை. மழை பெய்து இரண்டு வாரம் சென்றபின் அத்தகைய மனை ஒன்றின் ஓரத்தில் நின்று நோக்கினால், முழங்கால் அளவு உயர்ந்து, மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூக்களைத் தாங்கிய சிறு செடிகள் பல தென்படும். முதல் பார்வையில் அவை அனைத்தும் ஒரே செடி போலவே தோன்றும்.

அவை ஒரே செடி அல்ல. ஒரே மனையில் நான்கு அல்லது ஐந்து வகைச் செடிகள் கலந்து நிற்கக்கூடும். அவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறிவது என்பதே இப்பாடத்தின் பொருள். வேறுபடுத்தி அறிவதால் என்ன பயன் என்னும் கேள்வி உங்களுக்கு எழலாம். அதற்கு விடையாக நாட்டு மருந்துக் கடையிலிருந்து தொடங்குவோம்.

சென்னைக்கு அருகில் காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நிலத்துத்தி என்னும் மூலிகையின் பெயரில் சந்தையில் விற்கப்படும் உலர்ந்த வேர், தண்டு, பொடி முதலியவை உண்மையில் நிலத்துத்திதானா என்று அவர்கள் சோதித்தனர். உலர்ந்து பொடியான ஒன்றைக் கண்ணால் பார்த்து இனம் காண இயலாது. ஆகவே அவர்கள் முதலில் நிலத்துத்தியையும் அதன் நெருங்கிய உறவுகளையும் சேர்த்து 13 சிற்றினங்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் மரபணுத் தொடரிலும் குறிப்பிட்ட சில பகுதிகளைப் பதிவு செய்தனர். கடையில் பொருள்களின் மீது அச்சிடப்பட்டுள்ள கோட்டுக் குறியீட்டைப் போன்றது அப்பதிவு. பிறகு சந்தைப் பொருள்களின் மரபணுவை அப்பதிவோடு ஒப்பிட்டனர்.

முடிவு வியப்பைத் தந்தது. சோதித்த பொருள்களுள் ஒன்றுகூட நிலத்துத்தி அன்று! 76 விழுக்காடு அதன் உறவினச் செடிகளாக இருந்தன. அவற்றுள் முதலிடம் பெற்றது அரிவாள்மணைப் பூண்டு. அது மட்டும் 36 விழுக்காடு. எஞ்சிய 24 விழுக்காடு வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் 8 விழுக்காடு துத்தியின் பேரினம்.

இதனால் என்ன தீங்கு? இச்செடிகளில் எபெட்ரின் என்னும் வேதிப்பொருள் உண்டு. அது இதயத் துடிப்பை விரைவுபடுத்தும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நிலத்துத்தியின் வேரில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு எபெட்ரின் அரிவாள்மணைப் பூண்டில் இருப்பதை அவ்வாய்வு சுட்டிக் காட்டியது. எபெட்ரின் வகைப் பொருள்கள் கலந்த உணவுத் துணைப்பொருள்களை அமெரிக்க அரசு 2004ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. எனவே வேரைத் தோண்டுபவர் செய்யும் ஒரு சிறு பிழை, அதை உண்பவரின் இதயம் வரை சென்று சேரலாம்.

இப்பிழைகள் அனைத்தையும் ஏமாற்று வேலை என்று கூறிவிடுதல் சரியன்று. பெயர்களே பாதிக் குழப்பத்திற்குக் காரணம். வடமொழி மருத்துவ நூல்கள் பலா, அதிபலா, மகாபலா, நாகபலா என நான்கு மூலிகைகளைக் கூறுகின்றன. (இங்குப் 'பலா' என்பது நாம் உண்ணும் பலாப்பழத்தின் மரம் அன்று, வலிமை தருவது என்னும் பொருளுடைய வடசொல்.) பலா என்பது நிலத்துத்தி, அதிபலா என்பது துத்தி. ஆனால் கேரளத்தில் பலா என்றால் மருத்துவர்கள் குறுந்தொட்டியைப் பயன்படுத்துவர். அது வேறொரு சிற்றினம். தமிழிலும் இத்தகைய குழப்பம் உண்டு. சித்த மருத்துவத்தில் சிற்றாமுட்டி என வழங்கும் செடி பவோனியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது; ஆயினும் சிலர் நிலத்துத்தியையும் அப்பெயரால் அழைப்பர். மலைதாங்கி என்னும் பெயர் அரிவாள்மணைப் பூண்டுக்கும் வழங்குகிறது. அதனோடு எவ்வகை உறவும் இல்லாத ஒரு கொடிக்கும் வழங்குகிறது. ஒருவர் நல்லெண்ணத்தோடு பெயரைச் சொல்ல, மற்றொருவர் நல்லெண்ணத்தோடு வேறு செடியைப் பறித்துத் தர வாய்ப்பு உண்டு.

அறிவியல் பெயரும் தொடக்கத்தில் தடுமாறியதே. உயிர்களுக்கு இருசொற் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், துத்தியை முதலில் 'சைடா' என்னும் பேரினத்திலேயே சேர்த்து 1756இல் 'சைடா இண்டிகா' எனப் பெயரிட்டார். 1826ஆம் ஆண்டில்தான் ஸ்வீட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் அதனை 'அபுடிலான்' பேரினத்திற்கு மாற்றினார். அபுடிலான் இண்டிகம் என்பதே இன்று துத்தியின் பெயர்.

இனிச் செடிகளுக்கு வருவோம். இவை அனைத்தும் மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. செம்பருத்தி, பருத்தி, வெண்டை, புளிச்சகீரை, பூவரசு ஆகியவையும் இக்குடும்பமே. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழவழப்பு இக்குடும்பத்தின் பொதுச்சொத்து எனலாம். உங்கள் குடியிருப்பில் செம்பருத்தி இருக்குமாயின் அதன் பூவை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். பூவின் நடுவிலிருந்து நீண்டு வருவது மகரந்தத் தாள்கள் பல ஒன்றிணைந்து உருவான குழல். அக்குழலின் உள்ளே சூல்தண்டு செல்கிறது. இத்தகைய குழலைச் சிறு அளவில் வெற்று மனையின் மஞ்சள் பூவிலும் காணலாம். குழல் இருந்தால் அது பெரும்பாலும் இக்குடும்பம் என்று கொள்ளலாம். கைவில்லை ஒன்று கிடைத்தால் இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து பல திசையில் விரியும் விண்மீன் வடிவ மயிர்கள் தெரியும்.

குடும்பம் தெரிந்தபின் பேரினத்தைக் காண வேண்டும். பலர் இங்கே இலையின் வடிவத்தையும் பூவின் நிறத்தையும் பார்க்கத் தொடங்குகின்றனர். அது நல்ல தொடக்கம் அன்று. நிழலில் வளர்ந்த செடியின் இலை அகன்றும், வெயிலில் வளர்ந்ததன் இலை குறுகியும் இருக்கும். மஞ்சள் நிறமோ இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பொது. நம்பத்தக்கவை இரண்டு உறுப்புகள்: ஒன்று பூவின் அடிப்பகுதி, மற்றொன்று காய்.

பூவின் அடியில் பச்சை நிறத்தில் ஐந்து மடல்களோடு இருப்பது புல்லி வட்டம். செம்பருத்திப் பூவில் அதற்கும் கீழே இன்னொரு வரிசையில் சிறு பச்சை மடல்கள் இருக்கும். இதனைப் புறப்புல்லி வட்டம் என்பர். சைடா பேரினத்திலும் துத்தியிலும் இவ்வட்டம் கிடையாது. ஒட்டுத்துத்தியில் உண்டு, சிற்றாமுட்டியில் உண்டு. ஆகவே பூவைத் திருப்பி அடிப்பக்கத்தை நோக்கினால் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

இங்கு ஒரு செடியைத் தனியே கூறியாக வேண்டும். மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம் என்பது அதன் பெயர். மஞ்சள் பூ, ரம்பப் பல் போன்ற இலை விளிம்பு, நிமிர்ந்த தண்டு ஆகிய எல்லாவற்றிலும் அது சைடாவை ஒத்திருக்கும். ஆனால் பூவைத் திருப்பினால் புல்லி வட்டத்தின் அடியில் மூன்று மெல்லிய மடல்கள் காணப்படும். அம்மூன்று மடல்களே அதனைக் காட்டிக் கொடுப்பவை. அதன் பெயரில் உள்ள 'கோரமண்டல்' என்பது நம் சோழமண்டலக் கடற்கரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். லின்னேயஸ் 1753இல் பெயரிட்டபோது சோழமண்டலக் கரையின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார். அறிவியல் பெயரை முறைப்படி ஒருமுறை சூட்டியபின், அதன் பொருள் தவறு என்பதற்காக அதனை மாற்றுவதில்லை. ஆகவே சோழமண்டலத்தில் பிறக்காத செடி அப்பெயரோடு பெங்களூரில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது காய். செம்பருத்தியின் உறவினமான வெண்டைக்காய் நீளவாட்டில் வெடித்து விதைகளை உதிர்க்கும். நாம் காணும் செடிகளின் காய் அவ்வாறு வெடிப்பதில்லை. முற்றியபின் ஆரஞ்சுச் சுளைகள் பிரிவதைப்போலத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிகிறது. இதனைப் பிளவுக்கனி என்றும், பிரியும் ஒவ்வொரு பகுதியையும் கனித்துண்டு என்றும் கூறுவோம். கனித்துண்டுகளை எண்ணுவதே இவ்வினங்களை அறிவதற்கு மிகச் சிறந்த வழி. எண்ணுவதற்கு ஒரு குண்டூசியும் வெள்ளைத் தாளும் போதும்.

துத்தியின் காய் சிறு தேர்ச்சக்கரம் போன்றது. அதில் 15 முதல் 20 வரை கனித்துண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அதனை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் அழகிய முத்திரை பதியும். கன்னடத்தில் இச்செடிக்கு 'ஸ்ரீமுத்ரெ' என்று பெயர் வழங்குவதை உங்கள் கன்னட நண்பர்கள் அறிந்திருக்கலாம். தமிழ்ப் பெயரைவிடக் கன்னடப் பெயரே செடியை எளிதில் அடையாளம் காட்டுகிறது என்பது என் கருத்து. ஒவ்வொரு கனித்துண்டிலும் இரண்டு அல்லது மூன்று விதைகள் இருக்கும். சைடாவிலோ ஒரு கனித்துண்டுக்கு ஒரே விதை. துத்தியையும் சைடாவையும் பிரிக்கும் கோடு இந்த விதை எண்ணிக்கையே. துத்தியின் இலை இதய வடிவினது. வெல்வெட் துணிபோல் மென்மையானது. மூல நோய்க்கு மருந்தாக அதனைப் பயன்படுத்துவர். பூ ஆரஞ்சு கலந்த மஞ்சள், சைடாவின் பூவைவிடப் பெரியது, மாலையில் மலர்வது.

நிலத்துத்தியின் இலையும் இதய வடிவினது. அதுவும் மெல்லிய மயிர் போர்த்தியது. துத்தி என்னும் பெயர் இரண்டிற்கும் அமைந்தது இதனாலாக இருக்கலாம். 'கார்டிஃபோலியா' என்னும் அதன் சிற்றினப் பெயருக்கும் இதய வடிவ இலை என்றே பொருள். ஆனால் அதன் காய் சிறியது. புல்லி வட்டத்தினுள் பாதி மறைந்திருக்கும். உள்ளே பெரும்பாலும் 10 கனித்துண்டுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு நீண்ட கூர்முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மீது கீழ்நோக்கிச் சாய்ந்த நுண்மயிர்கள் உண்டு. முள்ளை அடியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் விரலில் தடை தோன்றும். ஆடையிலும் ஆட்டின் உரோமத்திலும் ஒட்டிக்கொண்டு புதிய இடம் சென்று சேர்வதற்கு அவை உதவுகின்றன.

அரிவாள்மணைப் பூண்டு வெற்று மனைகளில் மிகுதியாகக் காணப்படுவது. வெட்டுக்காயத்திற்கு இதன் இலைச்சாற்றைப் பூசும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு. வலிய நார் கொண்ட இதன் தண்டுகளைக் கட்டி விளக்குமாறாகவும் பயன்படுத்துவர். இலை ஈட்டி வடிவில் நீண்டு கூர்மையாக இருக்கும். நிலத்துத்தியின் இலையில் உள்ள மென்மை இதில் இல்லை. இலைகள் தண்டின் இருபுறமும் இரு வரிசையாக ஒரே தளத்தில் அமைந்திருப்பதால் கிளை தட்டையாகத் தோன்றும். இதன் உறுதியான அடையாளம் மற்றொன்று: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபக்கமும் இரண்டு சிறு செதில்கள் இருக்கும். அவற்றை இலையடிச் செதில்கள் என்பர். அரிவாள்மணைப் பூண்டில் அவ்விரண்டும் ஒத்திருப்பதில்லை. ஒன்று நூல்போல் மெலிந்தும் மற்றொன்று அகன்றும் இருக்கும். இரட்டையராகப் பிறந்தும் அளவில் ஒவ்வாதவை! கனித்துண்டுகள் பெரும்பாலும் 5 முதல் 8 வரை.

இப்பூண்டு நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து உலகெங்கும் பரவியதாகக் கருதப்படுகிறது. வட ஆஸ்திரேலியாவில் இது மேய்ச்சல் நிலங்களைக் கைப்பற்றிக்கொள்ளவே, அதனைத் தின்னும் வண்டு ஒன்றை மெக்சிகோவிலிருந்து கொணர்ந்து 1989ஆம் ஆண்டில் அங்கே விட்டனர். அவ்வண்டு அரிவாள்மணைப் பூண்டையும் அதன் நெருங்கிய உறவையுமே நாடித் தின்னும். மனிதர் கைவில்லையோடு தேடும் வேறுபாட்டை வண்டு சுவையாலேயே அறிந்துகொள்கிறது.

அந்நெருங்கிய உறவுதான் சைடா ராம்பிஃபோலியா. கேரளத்துக் குறுந்தொட்டியும் இதனோடு மிக நெருங்கியது. தாவரவியலார் சிலர் அதனை இதன் உள்வகையாகவே கொண்டனர். இதன் இலை சாய்சதுர வடிவினது. விளிம்பைக் கவனியுங்கள்: இலையின் மேற்பாதியில் மட்டுமே பற்கள் இருக்கும், காம்பை நோக்கிய அடிப்பகுதி ஆப்புப்போல் குறுகி, பல் இன்றி வழவழப்பாக இருக்கும். அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருக்கும். இலையடிச் செதில்கள் இரண்டும் நூல்போல் மெல்லியவை, ஒன்றையொன்று ஒத்தவை. பூக்காம்பு இலைக்காம்பைவிட மிக நீண்டது. கனித்துண்டுகள் பெரும்பாலும் 8 முதல் 10 வரை.

மற்ற இரண்டைச் சுருக்கமாகக் கூறலாம். பழம்பாசி நிமிர்ந்து நில்லாது. தரையோடு படர்ந்து செல்லும். இலை இதய வடிவினது, பூக்காம்பு மயிரிழைபோல் நீண்டது, கனித்துண்டுகள் 5. சைடா ஸ்பைனோசா என்பதிலும் கனித்துண்டுகள் 5. ஆனால் அது நிமிர்ந்து வளரும். இலைக்காம்பின் அடியில் தண்டின்மேல் சிறு முள் போன்ற முண்டு ஒன்று இருக்கும். மேற்கூறிய சந்தை ஆய்வில் 20 விழுக்காடு பொருள்கள் இச்செடியாகவே இருந்தன.

தென்னிந்தியாவின் மால்வேசி குடும்பத்தை முழுமையாக ஆராய்ந்தவர்களுள் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் சிவராஜனும் பிரதீப்பும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களது விரிவான நூல் 1996இல் வெளிவந்தது. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரத் தொகுப்புகள் இத்தகைய ஆய்வுக்கு அடிப்படை. மரபணுச் சோதனை வந்தபின் இவ்வுழைப்பு தேவையற்றதாகிவிட்டது என்று எண்ணுதல் வேண்டா. காட்டாங்கொளத்தூர் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க 13 சிற்றினங்களைத் திரட்டினார்கள் அல்லவா? அப்பதின்மூன்றையும் முதலில் யாரோ ஒருவர் கனித்துண்டை எண்ணியும் செதிலை ஒப்பிட்டும் சரியாக இனம் கண்டிருக்க வேண்டும். அது பிழையானால் மரபணுப் பதிவும் பிழையான பெயரையே சொல்லும்.

நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரின் துணையோடு, காலணி அணிந்து, முற்பகலில் வெற்று மனை ஒன்றின் ஓரமாகச் செல்லுங்கள். அரிவாள்மணைப் பூண்டின் பூக்கள் காலையில் விரிந்து நண்பகல் கடந்ததும் மூடிக்கொள்ளும். துத்திப் பூவைக் காண மாலையில் மறுபடியும் செல்ல வேண்டியிருக்கும். எச்செடியையும் சுவைத்துப் பார்க்க வேண்டா; மருந்து என்று கேள்விப்பட்டிருந்தாலும் வேண்டா. பூவும் காயும் உள்ள சிறு கிளை ஒன்றை மட்டும் எடுத்து, செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து, கனமான புத்தகங்களை அதன்மேல் அடுக்குங்கள். தாளை நாள்தோறும் மாற்றினால் கிளை பூஞ்சை பிடிக்காமல் உலரும்.

உங்கள் குறிப்பேட்டில் இடம், நாள், நேரம், பூவின் அடியில் புறப்புல்லி உண்டா இல்லையா, இலையடிச் செதில்கள் ஒத்துள்ளனவா, கனித்துண்டுகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் விதை எத்தனை, முள் உண்டா என்பவற்றை எழுதுங்கள். தமிழ்ப் பெயரைப் பாட்டியிடமும் கன்னடப் பெயரை அண்டை வீட்டாரிடமும் கேட்டு, யார் எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே செடிக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தால் இரண்டையும் பதிவு செய்க. அறிவியல் பெயருக்கான கட்டத்தை இறுதியில் நிரப்புக. காய் இல்லாத செடியாயின் அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டு வாரம் கழித்து அதே செடியை மீண்டும் சென்று காண்க.